பனிக்காலத்து வயலும் பாறைக் குன்றும்: வாட்டர் கலரில் வரைவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்கழி, தை மாதங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலக்காட்சியை வாட்டர் கலரில் வரையத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறோம். பதில்கள் ஏ4 அளவுத் தாளை மனத்தில் வைத்து எழுதியவை. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பியே நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. நம்ம ஊர்ல வெள்ளை வெளேர்னு பனி கொட்டாதே சார், குளிர்காலப் படம்னு எதை வரையறது?

பனி மூடிய ஐரோப்பிய வயல்களையே படங்களில் பார்த்துப் பழகியதால் வரும் சந்தேகம். இங்கே குளிர்காலம் வேறு விதமாக வேலை செய்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ராகி அறுத்து, வயலில் தாள் மட்டும் நிற்கும். காலையில் மூடுபனி இறங்கிக் குன்றுகளின் அடிவாரத்தை அழித்துவிடும். பச்சை வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வரும். மார்கழி முதல் பாதியில் ஏரிக்கரைகளில் மழைக்காலப் பச்சை மிச்சமிருக்கும். தை முடிவதற்குள் புல் காய்ந்து பழுத்துவிடும். இடையிலுள்ள நான்கைந்து வாரங்கள்தான் இந்தப் படங்களுக்கு உரிய காலம். சூரியன் ஆறரைக்கு மேல்தான் எழும் என்பதால் அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைக்கவும் தேவையில்லை.

கிருஷ்ணகிரி அணைக்கரை, ராயக்கோட்டைக் குன்று, தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுநிலம், வத்தல்மலை ஏற்றம், தொப்பூர் கணவாய் என்று இடத்துக்குப் பஞ்சமில்லை. ஓவியர்கள் இந்தக் குன்றுகளைத் தேடி வந்ததும் புதிதல்ல. 1792இல் ஆங்கிலேய ஓவியர்களான தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் அன்று பாரமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி வழியாகப் பயணம் செய்து ராயக்கோட்டையை வரைந்தார்கள். பின்னர் அச்சில் வந்த அவர்களுடைய படங்கள், மங்கலான அச்சுத் தொனியின் மேல் கையால் மெல்லிய வண்ணம் பூசியவை. அடியில் மங்கல், மேலே கொஞ்சம் நிறம். நாம் செய்யப்போவதும் ஏறக்குறைய அதுதான்.

2. எனக்கு எல்லாமே சாம்பலாத்தான் தெரியுது. நிறம் எங்கே இருக்கு?

சாம்பல் என்பது ஒரே நிறம் அல்ல. விறகடுப்புச் சாம்பல், விபூதி, சிமெண்டு மூன்றையும் ஒரு தட்டில் அருகருகே கொட்டிப் பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருக்காது. எந்தச் சாம்பலைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது எந்தப் பக்கம் சாய்கிறது? நீலத்துக்கா, காவிக்கா, ஊதாவுக்கா, பச்சைக்கா? தனியாகப் பார்த்தால் பதில் வராது. பக்கத்தில் இன்னொரு சாம்பல் இருந்தால்தான் சாய்வு தெரியும்.

அதற்கு ஒரு எளிய கருவி செய்துகொள்ளலாம். போஸ்ட்கார்டு அளவு வெள்ளை அட்டையில் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஓர் அங்குல இடைவெளியில், பேனா முனை நுழையும் அளவில் இரண்டு துளை போடுங்கள். கையை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடி, மேல் துளையில் குன்றும் கீழ்த் துளையில் வயலும் வருமாறு பாருங்கள். மலை, வயல் என்ற எண்ணம் போய், இரண்டு நிறப் பொட்டுகள் மட்டும் மிஞ்சும். ஒன்று குளிர்ச்சி, ஒன்று சூடு என்று உடனே தெரியும். இரண்டு மூன்று வினாடி பார்த்தால் போதும். வெறித்துப் பார்த்தால் கண் பழகி வித்தியாசம் மங்கிவிடும்.

பார்த்த நிறத்துக்குப் பெயர் வைக்கப் புடவைக் கடைப் பெயர்களைப் போல உதவுவது எதுவும் இல்லை. வெங்காயத் தோல், புறாக் கழுத்து, கத்தரிப்பூ, சந்தனம், அரக்கு. "குன்று சாம்பல் நிறம்" என்று குறித்தால் வீட்டுக்கு வந்து ஒன்றும் கலக்க முடியாது. "புறாக் கழுத்து, அடியில் வெங்காயத் தோல்" என்று குறித்தால் கலக்கலாம்.

3. எத்தனை ட்யூப் வாங்கணும்? 24 கலர் செட் வாங்கிடட்டுமா?

ஆறு போதும்: அல்ட்ராமரீன் நீலம், கோபால்ட் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), எல்லோ ஆக்கர் (மங்கிய மண் மஞ்சள்), லைட் ரெட் (செங்கல் சிவப்பு), பெர்மனென்ட் ரோஸ். முதல் மாதம் அல்ட்ராமரீன், பர்ன்ட் சியன்னா, எல்லோ ஆக்கர் மூன்றை மட்டும் வைத்துப் பழகினாலும் பாதிக் காட்சி வந்துவிடும். 24 கலர் செட் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதிலிருந்து இவற்றை எடுத்துக்கொண்டு மற்றதை மூடி வையுங்கள். மங்கலான காட்சிக்குத் தட்டில் பளிச்சென்ற நிறங்கள் நிறைய இருப்பது தொல்லை.

ட்யூபின் பின்புறம் நிறமியின் (நிறம் தரும் பொடியின்) குறியீடு அச்சிட்டிருந்தால் அதைப் படியுங்கள். அல்ட்ராமரீன் பிபி 29, கோபால்ட் பிபி 28, எல்லோ ஆக்கர் பிஒய் 42 அல்லது 43, ரோஸ் பிவி 19. ஒரே ஒரு குறியீடு இருக்கும் ட்யூப்தான் கலவைக்கு நல்லது. பெயரோடு "ஹ்யூ" என்று சேர்ந்திருந்தால் அசல் நிறமிக்குப் பதில் வேறு நிறமி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அது குற்றமல்ல, ஆனால் கலக்கும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும். ரோஸுக்குப் பதில் பழைய அலிசரின் கிரிம்சன், அதாவது பிஆர் 83, வாங்க வேண்டாம். வெளிச்சத்தில் மங்கும். மங்கலான படத்தில் இருக்கும் சொற்பச் சிவப்பும் போய்விட்டால் என்ன மிஞ்சும்?

4. பேப்பர் எது?

300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), கோல்ட் பிரஸ்ட் (லேசான சொரசொரப்புள்ள தாள்). கட்டுபடியானால் முழுப் பருத்தித் தாள். எட்டாவது கேள்வியில் வரும் மூடுபனி முறைக்குத் தாள் கொஞ்ச நேரமாவது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். 180, 200 ஜிஎஸ்எம் டிராயிங் தாளில் அது நடக்காது, அலை அலையாக வளைந்துவிடும்.

தாளை மழைக்காலத்தில் சுவர் அலமாரியில் வெறுமனே வைக்காதீர்கள். தாளில் தடவியிருக்கும் பசைப்பூச்சு ஈரத்தில் கெட்டால், வண்ணம் சில இடங்களில் மட்டும் மையொற்றித் தாளில் இறங்குவதுபோல் புள்ளி புள்ளியாக இறங்கும். அதைச் சரிசெய்ய வழி இல்லை. பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பீரோவில் படுக்க வையுங்கள்.

5. சாம்பல்தானே, வெள்ளையில கறுப்பு கலந்தா ஆகாதா?

ஆகும், ஆனால் சாயாத சாம்பல் ஆகும். கறுப்பை நீரில் கரைத்து மூன்று இடத்தில் பூசினால் மூன்றும் ஒரே குடும்பம். இரண்டாவது கேள்வியில் தேடிய சாய்வு எதுவும் அதில் இருக்காது. படம் ஜெராக்ஸ் பிரதி போலக் கிடக்கும். வெள்ளை சேர்த்தால் அது மூடும் வண்ணமாகித் தாளின் ஒளியையும் அடைத்துவிடும்.

அதற்காகக் கறுப்பைத் தூக்கி எறிய வேண்டாம். எல்லோ ஆக்கரில் ஊசி முனையளவு கறுப்பு சேர்த்தால் பாசி படிந்த பச்சை வரும். பாறையிடுக்குப் புல்லுக்கு அதைவிடப் பொருத்தமான பச்சையைக் கலப்பது சிரமம்.

6. அப்போ சாம்பலை எப்படித்தான் கலக்கறது? அளவு சொல்லுங்க.

அடிப்படைக் கலவை அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும். ஒன்று நீலம், மற்றது அடிப்படையில் மங்கலான ஆரஞ்சு. இரண்டும் எதிரெதிர் நிறங்கள் என்பதால் ஒன்றையொன்று அடக்கிச் சாம்பலாகும். தாளில் வரிசையாக ஏழு கட்டம் போட்டு, நீலத்துக்குச் சியன்னா 4:1, 3:1, 2:1, 1:1, 1:2, 1:3, 1:4 என்று நிரப்புங்கள். நடுக்கட்டம் சாயாமல் நிற்க வேண்டும். நீங்கள் வாங்கிய ட்யூபின் வலுவைப் பொறுத்து அது 1:1இல் வராமல் 2:1இலும் வரலாம். ட்யூபுக்கு ட்யூப் மாறும். அந்தப் பட்டையை வெட்டி வயலுக்கு எடுத்துப் போய்க் காட்சிக்கு நேரே பிடித்தால் எந்தக் கட்டம் எந்த இடத்துக்கு என்று ஊகிக்க வேண்டியதே இல்லை.

தொலைவு மலைக்கும் மூடுபனிக்கும் இதைவிட மென்மையான சாம்பல் வேண்டும். கோபால்ட் நீலம் மூன்று பங்கு, லைட் ரெட் ஒரு பங்கு. லைட் ரெட் வலுவான வண்ணம். தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் செங்கல் நிறமாகிவிடும். வெயில் ஏறும்போது தெரியும் ஊதாச் சாய்வுக்கு லைட் ரெட்டுக்குப் பதில் ரோஸ், கூடவே துளி எல்லோ ஆக்கர்.

தண்ணீர் அளவை இந்தப் பக்கத்தில் மூன்று பதமாகச் சொல்கிறோம். நீர்மோர் பதம்: தட்டைச் சாய்த்தால் ஓடும், தாளில் மெல்லிய சாயல்தான் விழும். மோர் பதம்: ஓடும், ஆனால் தட்டில் தடம் விடும். தயிர் பதம்: சாய்த்தாலும் மெதுவாகத்தான் நகரும். முதல் வருடத்துப் படங்கள் வெளிறிப்போவதற்குப் பெரும்பாலும் தயிர் பதத்துக்குப் போகப் பயப்படுவதுதான் காரணம்.

7. கலக்கக் கலக்க சேறு மாதிரி ஆயிடுது. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது, ஒரே கலவையில் நான்கு ஐந்து நிறமிகள். மூன்றுக்கு மேல் போனால் சாய்வு அழிந்துவிடும். "ஹ்யூ" ட்யூப்களில் ஏற்கெனவே இரண்டு மூன்று இருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். இரண்டாவது, அரைகுறையாய்க் காய்ந்த பூச்சின் மேல் திரும்பத் தேய்ப்பது. ஈரமாக இருக்கும்போது தொடலாம், முழுக்கக் காய்ந்த பிறகு தொடலாம். நடுவில் தொட்டால் அடிவண்ணம் கிளம்பிக் குழம்பும். மூன்றாவது, ஒரே டம்ளர் தண்ணீர். கழுவ ஒன்று, கலக்க ஒன்று என்று எப்போதும் இரண்டு வையுங்கள்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் பல ஊர்களில் உப்பு. பாத்திரத்தில் காய்ந்தால் வெள்ளைப் படலம் விடும் தண்ணீர், அடர்ந்த நிறங்களின் மேலும் அதையேதான் விடும். பாறையின் கருமை சுண்ணாம்பு பூத்தாற்போல் தெரிந்தால் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீருக்கோ கேன் தண்ணீருக்கோ மாறிப் பாருங்கள். அரை லிட்டர் போதும்.

8. மூடுபனியில கரையற குன்று எப்படி வரும்? ஸ்டெப் பை ஸ்டெப் சொல்லுங்க.

தாளின் நான்கு ஓரத்தையும் பலகையில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். குன்றின் மேல்விளிம்பை மட்டும் மெல்லிய பென்சிலில் போடுங்கள். அடிவாரக் கோடு வேண்டாம், அது படத்தில் இருக்கப்போவதில்லை. ஒன்றரை அங்குலத் தட்டைத் தூரிகையால் தாள் முழுக்க நீர் பூசி, கண்ணாடிபோன்ற பளபளப்பு அடங்கிப் பட்டுப்போல் மினுங்கும் வரை காத்திருங்கள். இப்போது வானம்: கீழ்ப்பகுதியில் எல்லோ ஆக்கரும் துளி ரோஸும் நீர்மோர் பதத்தில், மேலே கோபால்ட் அதே பதத்தில். இரண்டும் தாமாகக் கலக்கட்டும், தூரிகையால் இணைத்துவைக்க வேண்டாம்.

தாள் இன்னும் குளிர்ந்த ஈரத்தோடு இருக்கும்போதே தொலைவுக் குன்று. கோபால்ட், லைட் ரெட் கலவை, மோர் பதம். மேல்விளிம்பிலிருந்து கீழே இறக்கி, அடிவாரம் வரும் முன் தூரிகையை எடுத்துவிடுங்கள். பிறகு நன்றாகப் பிழிந்த வெறும் தூரிகையால் கீழ்விளிம்பை ஒரே ஒரு முறை குறுக்கே இழுத்தால் குன்று பனிக்குள் கரையும். இங்கே தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: தூரிகையில் இருக்கும் நீர் தாளில் இருக்கும் நீரைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதிகமானால் நீர் வண்ணத்தைத் தள்ளிக்கொண்டுபோய்க் காலிஃபிளவர் மாதிரி விளிம்பு கட்டும். கட்டிவிட்டால் அந்த இடத்தைத் தொடாதீர்கள். காய்ந்தபின் அதை ஒரு மரமாகவோ புதராகவோ மாற்றலாம்.

முழுக்கக் காயவிட்டு, புறங்கையால் தொட்டுக் குளிர்ச்சி இல்லை என்று தெரிந்தபின் அருகிலுள்ள குன்று. மேல்விளிம்பு கூர்மையாக, அல்ட்ராமரீனும் சியன்னாவும் சேர்ந்த கலவையில். கீழே வெறும் நீரால் மென்மையாக்கிப் பனியோடு சேர்த்துவிடுங்கள். இரண்டு குன்றுக்கும் நடுவே தாளின் வெள்ளை தெரிய வேண்டும். பனி என்பது அந்த வெள்ளைதான். அதற்குத் தனி வண்ணம் கிடையாது.

9. காலையில வயல்ல உக்காந்தா பெயிண்ட் காயவே மாட்டேங்குது.

காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது தாளில் உள்ள நீர் எளிதில் ஆவியாகாது. எட்டாவது பதிலின் ஈரப் பகுதியை அங்கேயே முடித்து, காய்ந்தபின் செய்ய வேண்டியதை வீட்டுக்கு ஒத்திப்போடுங்கள். வேறு இடத்தில் இருந்தால் தாளை நனைத்து நனைத்து ஈரத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். இங்கே மார்கழி அதை இலவசமாகச் செய்கிறது. இரண்டு தாளை எடுத்துப் போய் மாற்றி மாற்றி வேலை செய்வதும் உண்டு. பைக் இன்ஜின் சூட்டில் காயவைக்காதீர்கள், ஒரு பக்கம் மட்டும் சுருங்கும்.

10. பாறைக்கு என்ன நிறம் கொடுக்கறது? கறுப்பா, சாம்பலா?

நம் பக்கத்துக் குன்றுகளில் பெரும்பாலானவை கிரானைட்டும், வரிவரியாகப் பட்டை ஓடும் அதன் உறவுப் பாறையும். புதிதாக உடைத்த கல்லில் இளஞ்சிவப்பு, வெள்ளை, கருமை எல்லாம் பொடிப்பொடியாகத் தெரியும். வெயில், மழை பட்டுப் பழுத்த முகம் சந்தனமும் வெங்காயத் தோலும் கலந்த நிறம். அதன் மேல் மேலிருந்து கீழாக ஓடும் கருங்கோடுகள், மழைநீர் வழியும் தடத்தில் வளரும் நுண்பாசிகளால் ஆனவை. ஆக, அடிநிறம் சூடு. மேலே விழும் கோடு குளிர்ச்சி. முழுப் பாறையையும் சாம்பலால் நிரப்பி அதன்மேல் கறுப்புக் கோடு போடுவது வரிசையைத் தலைகீழாக்குவது.

முதலில் எல்லோ ஆக்கரும் லைட் ரெட்டும் நீர்மோர் பதத்தில் பாறை முழுக்க. ஈரம் இருக்கும்போதே நிழல் பக்கத்தில் அல்ட்ராமரீனைத் தொட்டு விடுங்கள். தட்டில் கலக்க வேண்டாம், தாளிலேயே சேரட்டும். அல்ட்ராமரீன் துகள்கள் தாளின் குழிகளில் போய்த் தங்கும். அந்தச் சொரசொரப்பு பாறைத் தோலை இலவசமாகத் தந்துவிடும். கருங்கோடுகளை மட்டும் காய்ந்தபின், தயிர் பதத்தில், கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் மேலிருந்து கீழாக. எல்லாக் கோட்டையும் ஒரே நீளத்தில் போட்டால் வரிக்குதிரை வரும்.

11. ராகி அறுத்த வயலுக்கு எல்லோ ஆக்கர் போட்டா மஞ்சளா அடிக்குதே?

ராகித் தாள் நெல் வைக்கோல் அளவு மஞ்சள் அல்ல. பனியும் வெயிலும் மாறி மாறிப் பட்டுப் பழுப்பேறிப் போயிருக்கும். ஆக்கரை அதன் எதிர் நிறமான ஊதாவால் அடக்குங்கள்: அல்ட்ராமரீனும் ரோஸும் சேர்த்த ஊதாவை ஆக்கரில் ஐந்தில் ஒரு பங்கு. அடக்கிய அந்த நிறத்தை வயல் முழுக்கப் பூசிவிட்டு, ஓரிரு இடத்தில் மட்டும் அடக்காத ஆக்கரை விட்டால் அங்கே வெயில் விழுந்த மாதிரி இருக்கும். உழுத மண் தெரிந்தால் லைட் ரெட்டும் அல்ட்ராமரீனும். ஈர மண் அதே கலவை, தயிர் பதம்.

ராகித் தாளை ஒவ்வொன்றாக வரையாதீர்கள். முன்னால் ஒரு விரல் அகலத்துக்கு உலர் தூரிகையால் கீறினால் பின்னால் உள்ளதைக் கண் தானே நிரப்பிக்கொள்ளும்.

12. மாந்தோப்பு பச்சையா இருக்கே, அது குளிர்காலத்தைக் கெடுக்காதா?

கெடுக்காது, ட்யூபிலிருந்து பிதுக்கிய பச்சையைப் போடாதவரை. மாமரத்தின் முதிர்ந்த இலைக்கு அல்ட்ராமரீன் இரண்டு பங்கு, ஆக்கர் ஒரு பங்கு, சியன்னா கால் பங்கு. பச்சை என்று சொல்லவும் முடியாத, கறுப்பு என்று சொல்லவும் முடியாத நிறம் வரும், அதுவே சரி. தையில் பூ எடுக்கும்போது மரத்தின் மேல்தட்டு வெளிறிச் சந்தன நிறமும் லேசான சிவப்புமாகத் தெரியும். ஆக்கரில் துளி ரோஸ், உலர் தூரிகை. செம்பு நிறத் தளிர் தெரிந்தால் சியன்னாவைத் தனியாக விடுங்கள். அந்த மரத்தில் வேறு அலங்காரம் வேண்டாம்.

ராகியோடு ஊடுபயிராகப் போட்ட அவரை இந்தப் பருவத்தில்தான் பூக்கும். அந்த ஊதாப் புள்ளிகளைத் தவறவிடாதீர்கள், ஆக்கருக்குப் பக்கத்தில் அவை தாமாகவே எடுப்பாகத் தெரியும். அவரை இலைப் பச்சைக்கு மாமரக் கலவையில் ஆக்கரைக் கூட்டினால் போதும்.

13. நிழல் நீலமா இருக்கும்னு சொல்றாங்க. எனக்குத் தெரியலையே?

வெயில் படாத இடத்துக்கு வெளிச்சம் வானத்திலிருந்து வருகிறது. வானம் தெளிந்து நீலமாக இருந்தால் நிழலும் அந்தப் பக்கம் சாயும். மூடுபனி வேளையில் வானமே வெள்ளை. அப்போது நீல நிழல் போடுவது பொய், சொல்லப்போனால் அப்போது நிழலே ஏறக்குறைய இருக்காது. பனி விலகி எட்டு மணி வாக்கில் பாருங்கள். ஒரு வேலிக்கம்பத்தின் நிழல் அதன் உயரத்தைப்போல் மூன்று மடங்கு நீண்டு கிடக்கும். நம் அட்சரேகையில் மார்கழி நடுப்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 54 பாகை உயரத்தில்தான் நிற்கும். நிழல் வடக்கே, பொருளின் உயரத்தில் முக்கால் பங்கு. கோடைப் படத்துக்கும் குளிர்காலப் படத்துக்கும் நிழல் நீளமே ஒரு அடையாளம்.

நிழலுக்குத் தனிக் கலவை செய்யாமல், எந்த நிலத்தின் மேல் விழுகிறதோ அந்த நிறத்தில் அல்ட்ராமரீனைக் கூட்டுங்கள். ராகித் தாளின் மேல் விழும் நிழலும் செம்மண்ணின் மேல் விழும் நிழலும் ஒரே நிறமாக இருக்க முடியாது.

14. ஒரு சிவப்புப் புடவையோ செண்டுமல்லியோ வைக்கலாமா?

வைக்கலாம். ஏ4 தாளில் பட்டாணி அளவுக்கு மேல் போனால் படம் புடவையைப் பற்றியதாகிவிடும். பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல் 1839இலேயே விரிவாக எழுதிவிட்டார். நடுநிலைச் சாம்பல் நடுவே ஆரஞ்சை வைத்தால் அந்தச் சாம்பலே நீலம்போலத் தெரியும். அதனால் சுற்றியுள்ள நிறத்தை நீலமாக்க முயல வேண்டாம், ஆரஞ்சு அந்த வேலையைச் செய்யும். அந்த இடத்துக்குத் தாளை வெள்ளையாக விட்டுவைத்துக் கடைசியில் நிரப்புங்கள். சாம்பலின் மேல் ஆரஞ்சு பூசினால் ஆறாவது பதிலில் சொன்ன அதே விதிப்படி அதுவும் அடங்கிப்போகும்.

15. போன்ல போட்டோ எடுத்து வீட்ல வரையலாம்ல?

வடிவத்துக்கு எடுங்கள், நிறத்துக்கு நம்பாதீர்கள். போன் கேமரா தானாக நிறச் சாய்வைச் சமன்செய்யும், மங்கலைக் கெட்டியாக்கும். நீங்கள் பார்க்கப் போனது எதுவோ அதைத்தான் அது திருத்துகிறது. படம் எடுக்கும்போது ஓரத்தில் இரண்டாம் கேள்வியின் வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டால், அட்டை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துப் பிறகு கணக்குப் போடலாம். புடவைப் பெயர்களைச் சின்ன நோட்டில் எழுதிவருவது அதைவிட வேகம்.

16. போஸ்டர் கலர், அக்ரிலிக்ல இதெல்லாம் செல்லுமா?

கலவை செல்லும், ஈர முறை செல்லாது. அந்த இரண்டிலும் வெளிச்சத்துக்கு வெள்ளை கலக்க வேண்டும். வெள்ளை சேர்ந்தால் எல்லாம் குளிர்ச்சிப் பக்கம் நகரும், அதனால் ஆக்கரையோ சியன்னாவையோ ஒரு துளி கூட்டிக்கொள்ளுங்கள். வாட்டர் கலர் காய்ந்தால் ஒரு படி வெளிறும். அக்ரிலிக் ஒரு படி கறுக்கும். போஸ்டர் கலரில் வெளிர் நிறம் கறுத்து அடர் நிறம் வெளிறும். தனித் தாளில் பூசிக் காயவைத்துப் பாராமல் படத்தில் வைக்க வேண்டாம்.

17. தூரம் போகப் போக நீலமாகணும்னு படிச்சேன். ஆனா காலையில தூரத்து மலை ஆரஞ்சா இருந்துச்சு. எது சரி?

இரண்டும். தூரத்து இருண்ட பொருளுக்கும் நமக்கும் நடுவிலுள்ள காற்று நீல ஒளியைச் சிதறடித்து அதன்மேல் போர்த்துகிறது; அதனால் காடு மூடிய மலை நீலமாகும். தூரத்து வெளிச்சமான பொருளுக்கு இது தலைகீழ். அதிலிருந்து வரும் ஒளியில் நீலம் வழியிலேயே சிதறி, சூடான பகுதி நம்மிடம் வந்து சேரும். அதிகாலை வெயில் நேரே விழுந்த மொட்டைப்பாறை ஆரஞ்சாக, அதற்கு முன்னால் உள்ள நிழல் பள்ளத்தாக்கு நீலமாகத் தெரிவது இப்படித்தான். மூடுபனியின் நீர்த்துளிகள் காற்றின் மூலக்கூறுகளைவிட மிகப் பெரியவை; அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிப்பதால் வெள்ளையாக்கும், நீலமாக்காது. காட்சியில் எது நடக்கிறது என்பதை விதி சொல்லாது, துளை அட்டைதான் சொல்லும்.

18. நீங்க சொன்ன எல்லா நிறத்தையும் தேடிப் போட்டேன். இப்போ படம் திருவிழா மாதிரி இருக்கு, குளிரே இல்லை!

தேடிப் பழகிய பிறகு எல்லோருக்கும் வரும் கட்டம். சாய்வைக் கண்டதும் அதை இழுத்து முழு நிறமாக்கிவிடுகிறோம். வெங்காயத் தோல் சாயல் ரோஸாகவே ஆகிவிடும், புறாக் கழுத்து மயில் கழுத்தாகிவிடும். போனில் படத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். குன்று, வயல், வானம் மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தால் தொனி (எது வெளிச்சம், எது இருட்டு என்ற அளவு) சரி, நிறத்தை மட்டும் அடக்கினால் போதும். எல்லாம் ஒரே சாம்பலாகக் குழைந்தால் தொனியே தவறு. அந்தப் படத்தை விட்டுவிட்டுப் புதுத் தாளை எடுப்பது மேல்.

அடக்கும் வழி இது. படத்தை ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். கோபால்ட், அதில் கால் பங்கு ரோஸ், மிக மெல்லிய நீர்மோர் பதம். மென்மையான அகலத் தூரிகையால் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு இழுப்பு. திரும்பப் போனால் ஏழாவது பதிலில் சொன்ன சேறு கிளம்பும். வெயில் விழ வேண்டிய இடத்தையும் செண்டுமல்லிப் பொட்டையும் தூரிகை படாமல் சுற்றிப் போங்கள். தவறிப் பட்டுவிட்டால், ஈரம் போகும் முன்பே பிழிந்த தூரிகையால் அந்த இடத்தை ஒற்றி எடுத்துவிடலாம்.